கூழ்ம வெள்ளி: நாய்க்குட்டிக்கு எத்தனை மில்லி?

காட்பாடிவாசி:
எங்கள் இரண்டு கிலோ நாய்க்குட்டிக்குப் பார்வோ வைரஸ் நோய் கண்டு, நேற்றிலிருந்து வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக இருக்கிறது. ஒன்பது வோல்ட் பேட்டரியில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை இணைத்து, போர் தண்ணீரில் நிறுத்தி, நுண்ணிய வெள்ளித் துகள்கள் கலந்த நீரான கூழ்ம வெள்ளி தயாரித்து வைத்திருக்கிறேன்; சளி பிடித்தால் நானும் குடிப்பதுண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு சொல்லியிருப்பதால், 10 பிபிஎம் (மில்லிக்கு 10 மைக்ரோகிராம் வெள்ளி) கரைசலில் குட்டிக்கு 1 மில்லி கொடுக்கலாம் அல்லவா?

பாகாயம் மருந்தாளுநர்:
வேண்டாம் ஐயா. அந்த வரம்பு, வாழ்நாள் முழுவதும் உட்கொண்டாலும் மனிதத் தோல் நிறம் மாறாதிருக்க வகுக்கப்பட்டது. நோயைத் தீர்க்கும் அளவு அன்று. மேலும், உங்கள் கரைசல் 10 பிபிஎம் என்பதை எப்படி உறுதி செய்தீர்கள்? நீரில் கரைந்த எல்லாவற்றையும் மொத்தமாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வெள்ளியைத் தனியே அளக்காது. உப்பு மிகுந்த போர் தண்ணீரில் வெள்ளி குளோரைடோடு சேர்ந்து வெண்மையாகக் கலங்கிவிடும். பார்வோ கண்ட குட்டியின் உயிரை எடுப்பது பெரும்பாலும் நீரிழப்புதான். இப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றுங்கள்.

காட்பாடிவாசி:
குட்டியைக் கொண்டுபோகிறேன். ஆனால் தீப்புண்ணுக்கு மருத்துவர்களே வெள்ளிக் களிம்பு தடவுகிறார்கள், சித்த மருத்துவத்தில் வெள்ளி பற்பமும் இருக்கிறது. அப்படியிருக்க, நான் குடிப்பதில் மட்டும் என்ன தீங்கு?

பாகாயம் மருந்தாளுநர்:
களிம்பில் உள்ள சில்வர் சல்ஃபாடையசின் புண்ணின் மேல் பூசப்படுவது; பற்பமோ புடமிட்டு முடிப்பது, சித்த மருத்துவர் ஆளைப் பார்த்துக் கொடுப்பது. குடித்த வெள்ளி உடலில் சேர்ந்துகொண்டே போய்த் தோலில் படிந்து, வெயில் பட்டு நீலச் சாம்பலாகக் கறுக்கும். ஆர்ஜிரியா எனப்படும் அந்த நிறம் பெரும்பாலும் மறையாது. கூழ்ம வெள்ளி கலந்த, சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளைப் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்க முடியாது என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999இலேயே விதி வகுத்துவிட்டது.

சத்துவாச்சாரி வாசகி:
என் மாமியார் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். இதை அவருக்கும் ஒருவர் சிபாரிசு செய்தார்.

பாகாயம் மருந்தாளுநர்:
கட்டாயம் தவிர்த்துவிடுங்கள் அம்மா. தைராக்சினையும் சில ஆண்டிபயாடிக்குகளையும் உடல் சரியாக உறிஞ்சவிடாமல் வெள்ளி தடுக்கக்கூடும்.

காட்பாடிவாசி:
சளிக்கு எப்போதாவது இரண்டு ஸ்பூன் குடிப்பவனுக்கு நிறம் மாறிவிடும் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை.

பாகாயம் மருந்தாளுநர்:
எப்போதாவது என்பது தினமும் என்றாக வெகுநாள் ஆவதில்லை ஐயா. 2000ஆம் ஆண்டுக் கணினிக் குழப்பத்தால் ஆண்டிபயாடிக் கிடைக்காமல் போகுமென அஞ்சி, 1999 முதல் வீட்டிலேயே தயாரித்துக் குடித்தவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஸ்டான் ஜோன்ஸ். 2002இல் அவர் செனட் தேர்தலில் நின்றபோது, முகம் நீலச் சாம்பலாகவே இருந்தது.