குறிஞ்சி ஹெர்பேரியம் ரெக்கார்டுல நடுவுல ஏன் இவ்ளோ கேப்?

மலைக்காத்து: ஜிபிஐஎஃப்ல (உலகம் பூரா உயிரினப் பதிவுகள சேத்து வெச்சிருக்கற ஆன்லைன் டேட்டாபேஸ்) இருந்து, ஹெர்பேரியத்துல (காஞ்ச செடிகள ஷீட்ல ஒட்டி சேத்து வெக்கற எடம்) இருக்கற நீலக்குறிஞ்சி ஸ்பெசிமன் ரெக்கார்டெல்லாம் எறக்கி வருஷவாரியா போட்டுப் பாத்தேன், சில வருஷம் குமிஞ்சு கெடக்கு, நடுவுல ஒண்ணுமே இல்ல. அப்போ செடியே இல்லைன்னு அர்த்தமா?

பச்சையிலை: செடி அங்கயேதாங்க இருக்கும். 12 வருஷத்துக்கு ஒருக்காதான் பூக்குது, 2006, அப்புறம் 2018. பூ இல்லாம ஸ்ட்ரோபிலாந்தஸ்ல (குறிஞ்சியோட பேரினம்) இது இன்னதுன்னு சொல்றதே பெரும்பாடு, அதனால மத்த வருஷத்துல பறிச்சு காயவெச்சு ஷீட்ல ஒட்ட யாரும் மெனக்கெடறதில்ல. எல்லா மலையையும் ஒரே கிராஃப்ல போடாதீங்க, சில எடத்துல பூக்குற வருஷம் மாறும்.

ஷீட்டுப்பூச்சி: டூப்ளிகேட்டயும் பாருங்க. ஒரே நாள் பறிச்சத பிரிச்சு பல ஹெர்பேரியத்துக்கு அனுப்பியிருப்பாங்க, ஒண்ணு லண்டன்ல கியூ தோட்டத்து ஹெர்பேரியத்துல இருக்கும், இன்னொண்ணு மெட்ராஸ் ஹெர்பேரியத்துல (பேருதான் மெட்ராஸ், இருக்கறது கோயம்புத்தூர்ல). கலெக்டர் பேரு, நம்பர், தேதி மூணும் ஒத்துப்போச்சுன்னா ஒண்ணாத்தான் எண்ணணும். ஃபிளெபோஃபில்லம்ங்கிற பழைய பேர்லயும் தேடுங்க.

மலைக்காத்து: லேபிள்ல வெறும் நீலகிரின்னு இருக்கறதுக்கும் மேப்ல புள்ளி வெச்சிருக்காங்களே?

ஷீட்டுப்பூச்சி: அது பின்னாடி யாரோ குத்துமதிப்பா வெச்சது, ஷீட் போட்டோவ பெருசு பண்ணி லேபிளயே படிங்க.