கான்டிக்கி-என்ஜிக்கு மாறியதும் சென்சார் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, உதவி தேவை

கேள்வி
வணக்கம். தென்னந்தோப்பில் மண் ஈரம் பார்க்க சிசி2538 சிப் உள்ள சென்சார் போர்டுகளை வைத்திருக்கிறேன். இரண்டு ஏஏ பேட்டரி. கால் மணிக்கு ஒரு அளவு அனுப்பினால் போதும். பழைய கான்டிக்கி ஓஎஸ்ஸில் மாதக்கணக்கில் ஓடியது, அதிலிருந்து பிரிந்த என்ஜிக்கு மாறியபின் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மல்டிமீட்டர் வைத்தால், சும்மா இருக்கும்போதே 20 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் நிற்கிறது. இடைவெளியை ஒரு மணி நேரமாக்கியும் அதே நிலைதான். போர்டில் கசிவா? பேசாமல் ரயட் ஓஎஸ்ஸுக்கு மாறிவிடலாமா?

பதில் 1
கசிவு இல்லை நண்பரே. சிசி2538 ரேடியோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஏறக்குறைய இவ்வளவுதான் இழுக்கும். 2,400 மில்லி ஆம்பியர்-மணியை 20ஆல் வகுத்தால் 120 மணி, அதாவது 5 நாள். செலவு அனுப்புவதில் இல்லை, கேட்பதில்தான். அதனால்தான் இடைவெளியைக் கூட்டியும் பலனில்லை.

பழைய கான்டிக்கியில் கான்டிக்கிமேக் இருந்தது. ரேடியோவை நொடிக்கு 8 முறை எழுப்பி, யாராவது அனுப்புகிறார்களா என்று பார்த்துவிட்டு உடனே அணைத்துவிடும். 2017இல் பிரிந்த என்ஜியில் அது கிடையாது. அங்கே இயல்பாக வருவது சிஎஸ்எம்ஏ (அலைவரிசை காலியா என்று பார்த்து அனுப்பும் முறை), அதில் ரேடியோ தூங்குவதே இல்லை. மேக் அடுக்கு என்பது ரேடியோ எப்போது அனுப்ப வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் பகுதி. நிரலைத் தொகுக்கும் அமைப்புக் கோப்பான மேக்ஃபைலில் அதை டிஎஸ்சிஎச் (நேர அட்டவணைப்படி பேசும் முறை) என்று மாற்றி, கேட்வே உட்பட எல்லா முனைகளிலும் (போர்டுகளிலும்) ஏற்றுங்கள். ஒன்றை விட்டாலும் அது மற்றவற்றோடு பேசாது.

டிஎஸ்சிஎச்சில் நேரம் 10 மில்லிநொடித் துண்டுகளாகப் பிரியும். இயல்பு அட்டவணையில் 7 துண்டுக்கு ஒன்றில்தான் ரேடியோ விழிக்கும். அதிலும் எதுவும் வராவிட்டால் சுமார் 2 மில்லிநொடியில் அணைந்துவிடும். கணக்குப் போட்டால் நேரத்தில் 3 சதவீதம்தான்.

பதில் 2
ரயட் அருமையான ஓஎஸ், ஆனால் அங்கேயும் இதே கேள்வி வரும். ரேடியோவைத் தூங்கவைக்க எல்டபிள்யூமேக் மாதிரி ஒரு மேக் அடுக்கை நாமேதான் சேர்க்க வேண்டும். அப்புறம், விட்டுவிட்டு இழுக்கும் மின்சாரத்தைச் சாதாரண மல்டிமீட்டர் சரியாகக் காட்டாது. என்ஜியிலேயே உள்ள எனர்ஜெஸ்ட் என்ற மின்செலவு கணிக்கும் வசதியை இயக்குங்கள், ரேடியோ எத்தனை சதவீத நேரம் விழித்திருந்தது என்று லாகிலேயே வரும்.

கேட்டவர்
நன்றி! மாற்றிவிட்டேன். பெரும்பாலான முனைகளில் ரேடியோ நேரம் நன்றாகக் குறைந்துவிட்டது. தோப்பின் கடைசியில் உள்ள இரண்டு மட்டும் இன்னும் 100 சதவீதம் காட்டுகின்றன.

பதில் 1
அவை இன்னும் வலையில் சேரவில்லை. சேரும்வரை பீக்கனை (வலையில் உள்ள முனைகள் அனுப்பும் அறிவிப்பை) தேடி ரேடியோவை முழு நேரமும் திறந்தே வைத்திருக்கும். நடுவில் ஒரு முனை வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்
வைத்தேன், இரண்டும் சேர்ந்துவிட்டன. ரேடியோ நேரமும் மற்றவை அளவுக்கு வந்துவிட்டது.