சான் மிகேல் தெ அயெந்தேக்குக் குடிவருகிறவர்களுக்கு: திருநாட்கள், தெருக்காரர்கள், சில நடைமுறைகள்

மெக்சிகோவின் சான் மிகேலுக்கு வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது விசா, பள்ளிக்கூடம், மளிகை. அதற்கெல்லாம் பதில் சுலபமாகக் கிடைத்துவிடும். நான் சொல்ல விரும்புவது வேறு. வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் பக்கத்தில் எந்த தேவாலயம் இருக்கிறது, அங்கே திருநாள் எப்போது என்று விசாரியுங்கள். இங்கே பேட்டைக்குப் பேட்டை ஒரு புனிதர், அவருக்கு விடியும் முன்பே வெடி. ஊரின் காவலர் அதிதூதர் மிக்கேல். அவர் நாள் செப்டம்பர் 29. அதை ஒட்டிய வார இறுதியில் அதிகாலை நான்கு மணிக்கு, பர்ரோக்கியா என்கிற அந்த இளஞ்சிவப்புப் பெரிய கோயிலின் முன்னால் வாணவேடிக்கை ஆரம்பித்துவிடும். பெயர் அல்போராதா. கைக்குழந்தையோ நாயோ இருந்தால் நடு ஊரை விட்டுத் தள்ளி வீடு எடுங்கள். சத்தம் என்று புகார் மட்டும் கொடுக்காதீர்கள். அது அவர்கள் சாமிக்குச் செய்வது.

தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்கு 'புவெனோஸ் தியாஸ்' (காலை வணக்கம்) சொல்லாமல் போகாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைக் கடந்து போகும்போது 'ப்ரொவெச்சோ' (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்று ஒரு வார்த்தை. இது இரண்டும் பழகிவிட்டால் பாதி அறிமுகம் ஆன மாதிரி.

இந்த ஊரோடு ஒட்டிக்கொள்ள நல்ல நாள் எது என்று கேட்டால், கிறிஸ்துமஸ் என்று சொல்லமாட்டேன். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, வியர்னெஸ் தெ தொலோரெஸ், வியாகுல மாதாவின் நாள். அன்று சாயங்காலம் வீட்டு வாசலிலும் சன்னலிலும் மாதாவுக்குப் பீடம் வைத்திருப்பார்கள். ஊதாத் துணி, கசப்பு ஆரஞ்சுப் பழங்களில் குத்திய தங்கத்தாள் கொடிகள், சின்னச் சாமந்தி மாதிரிப் பூக்கும் வாசனையான மன்சனீயா (சீமைச்சாமந்தி), கூடவே இருட்டில் வைத்து முளைக்கவிட்ட வெளிர்மஞ்சள் கோதுமை நாற்று. நம் முளைப்பாரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தட்டு முன் கால் தானாக நின்றுவிடும். வருகிறவர்களுக்குப் பழச்சாறோ ஐஸோ கொடுப்பார்கள். அது மாதாவின் கண்ணீர் என்பது ஐதீகம். அதனால் வேண்டாம் என்று மறுக்காதீர்கள். வாங்கிக் குடியுங்கள், பீடத்தை நிதானமாகப் பாருங்கள், யார் செய்தது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியோடு பேச்சு ஆரம்பிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முந்தைய சனிக்கிழமை நள்ளிரவில், சுமார் 14 கி.மீ. தள்ளியுள்ள அதோதோனில்கோ கோயிலிலிருந்து தூணில் கட்டுண்ட இயேசுவின் சொரூபத்தைச் சுமந்து மக்கள் நடந்தே வருவார்கள். விடியும்போது ஊர் எல்லையை எட்டும். தெருவெல்லாம் பூவும் வாசனைத் தழையும் பரப்பியிருக்கும்; அதன்மேல் நடக்காமல் ஓரமாக நில்லுங்கள். இந்துக்கள் தேவாலயத்துக்குள் போகலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் போகலாம். பூசையின்போது பின்வரிசையில் இருங்கள், நற்கருணை வாங்க மட்டும் எழுந்து போகவேண்டாம்.

அடுத்து இறந்தோர் நாள்: நவம்பர் 1 குழந்தைகளாக இறந்தவர்களுக்கு, 2 பெரியவர்களுக்கு. வீட்டில் இறந்தவரின் படம், அவருக்குப் பிடித்த சாப்பாடு, தண்ணீர், மெழுகுவர்த்தி வைத்துப் படைப்பார்கள். எங்கும் செம்பசூச்சில் பூ. அது வேறொன்றுமில்லை, நம் ஊர்த் துலுக்கச் சாமந்தி. அதற்குத் தாய்நாடே மெக்சிகோதான். உங்கள் அப்பாவுக்கோ பாட்டிக்கோ நீங்களும் ஒரு பீடம் வைக்கலாம், அக்கம்பக்கத்தார் மனதாரப் பார்க்க வருவார்கள். கல்லறையில் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும்போது கேட்காமல் போனைத் தூக்காதீர்கள். மண்டையோட்டுச் சாயத்தை முகத்தில் பூசிக்கொண்டு கல்லறைக்குள் கூட்டமாகப் போய் நிற்பது எனக்குப் பிடிப்பதில்லை. துக்கம் இன்னும் ஆறாதவர்களும் அங்கே இருப்பார்கள்.

டிசம்பரில் ஒரு விஷயம் கறாராக: வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருந்தால், 20ஆம் தேதிக்குள் 'அகினால்தோ' என்கிற ஆண்டிறுதி போனஸ் கொடுத்தாக வேண்டும். குறைந்தது 15 நாள் சம்பளம். அது நாம் மனம் வைத்துத் தரும் தீபாவளி இனாம் இல்லை, சட்டப்படி அவர்கள் உரிமை. ஆண்டு முழுக்க வேலை செய்யாதவருக்கு அந்த விகிதத்தில் கணக்குப் போட்டுக் கொடுங்கள்.

டிசம்பர் 16 முதல் 24 வரை போசாதா, அதாவது மரியாளும் சூசையும் தங்க இடம் தேடியதை நடித்துக் காட்டும் கொண்டாட்டம். தங்க இடம் கேட்டு வாசலில் ஒரு கூட்டம் பாட, உள்ளேயிருந்து இன்னொரு கூட்டம் பதில் பாடும். கடைசியில் கதவு திறக்கும். அப்புறம் பிள்ளைகள் அடித்து உடைக்க மிட்டாய் நிரப்பித் தொங்கவிட்ட பின்யாத்தா, எல்லோருக்கும் சூடாகப் போன்ச்சே என்கிற பழபானம். கூப்பிட்டால் பிள்ளைகளோடு போங்கள்.

ஜனவரி 6 அன்று ரோஸ்கா என்ற வளைய ரொட்டியை வெட்டுவார்கள். உள்ளே ஒளித்து வைத்த குழந்தை பொம்மை உங்கள் துண்டில் வந்தால், பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமால் (பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த சோளமாவுப் பண்டம்) வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு. சைவக் குடும்பங்கள் இங்கே கவனமாக இருக்கவேண்டும்: உள்ளே பூரணம் சீஸும் மிளகாயும்தான் என்றாலும், மாவில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். முன்கூட்டியே விற்கிற அம்மாவிடம் 'சின் மந்தேக்கா' (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று சொல்லி, எண்ணெயில் பிசைந்து தரமுடியுமா என்று கேட்டு வையுங்கள்.