மலேசியாவில் எதிர்க்கட்சிகளின் கூட்ட உரிமை

கேள்வி: 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம் காவல்துறையின் அனுமதியைக் கேட்காமல் முன்னறிவிப்பை மட்டுமே கோரியிருக்க, எதிர்க்கட்சிகள் அதைத் தடையாகக் கருதியது ஏன்?

பதில் 1: பத்து நாள் முன்னறிவிப்பு என்றால், தேர்தல் முடிவை எதிர்த்து உடனே கூடுவது எப்படி? 2013 மே 8 அன்று கிளானா ஜெயா அரங்கில் நடந்த கூட்டத்துக்காக எதிர்க்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் நிக் நஸ்மி மீது வழக்குத் தொடரப்பட்டது. அறிவிப்புத் தராததைக் குற்றமாக்கும் பிரிவு செல்லாதென 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பதில் 2: அத்தோடு முடியவில்லை, ஐயா. 2015இல் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. அப்பிரிவின்படி அபராதம் 10,000 ரிங்கிட் வரை போகக்கூடியதாக இருந்தது. 2,000 ரிங்கிட் அபராதமே நாடாளுமன்ற உறுப்பினரின் பதவியைப் பறிக்கப் போதும் என்பதே என்னை மிகவும் வருத்துகிறது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அப்பிரிவை 2025 ஜூலை 1 அன்றுதான் நீக்கியது.

கேட்டவர்: நன்றி. முன்னறிவிப்புக் காலம் 2019இல் ஐந்து நாளாகக் குறைந்தபோதும் அந்தத் தண்டனை நீடித்ததை இப்போதுதான் அறிந்தேன்.