கழுத்துத் தழும்புக்கு ஃபிளாப் சிகிச்சை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் அக்கா மகளுக்கு 7 வயது. இரண்டு வருடத்துக்கு முன் கொதிக்கிற ரசம் கொட்டி, கழுத்தும் நெஞ்சும் வெந்துவிட்டன. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அது இப்போது சுருங்கி, தாடையைக் கீழே இழுக்கிறது. பிள்ளையால் அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியவில்லை. தோல் சுருங்காமல் இருக்கக் கழுத்துப்பட்டியை மாதக்கணக்கில் போட வேண்டும் என்று அப்போது யாரும் அழுத்திச் சொல்லவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

இப்போது இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று ஃபிளாப், அதாவது தோள்பட்டைத் தோலை அதன் ரத்தக்குழாயோடு திருப்பிக் கழுத்தில் வைப்பது. ஒட்டுத்தோலைவிட இது குறைவாகத்தான் சுருங்குமாம், பிள்ளையோடு சேர்ந்து வளருமாம். இன்னொன்று, நல்ல தோலுக்கு அடியில் சிலிக்கான் பை வைத்து, வாராவாரம் உப்புநீர் ஏற்றித் தோலை விரியவைத்து, அப்புறம் விரிந்த அந்தத் தோலைக் கழுத்துக்குப் பயன்படுத்துவது. சில மாதம் ஆகும். அத்தனை ஊசியை அவள் தாங்குவாளா என்று அக்கா அழுகிறாள்.

பை வைத்த குழந்தைகளின் பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா? அதோடு பள்ளிக்கு அனுப்பினீர்களா? பையில் சீழ் பிடித்ததா? கழுத்து நிமிராததால் மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாய் போடுவது கடினம் என்றார்கள். எங்களுக்குப் பெரிய பயமே அதுதான். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் குழந்தைக்கு இதைச் செய்தவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நெஞ்சுத் தழும்பை அவள் வயதுக்கு வருமுன் அறுத்துத் தளர்த்த வேண்டுமா என்பதும் தெரிய வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டில் செய்திருந்தால், என்னென்ன கேட்டார்கள் என்றும் எழுதுங்கள்.