25 ஆண்டு நிறைவு விழா: நிறுவனர் "மேடை வேண்டாம்" என்கிறார், என்ன செய்யலாம்?

கரிசல்காட்டான் கேட்டது:

எங்கள் ஊர் சாத்தூர் பக்கம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான ஒரு சின்ன அறக்கட்டளையின் விழாக் குழுவில் இருக்கிறேன். ஒரு பகல்நேரப் பள்ளி, ஒரு பிசியோதெரபி அறை, கிராமம் கிராமமாகப் போய் வரும் களப்பணியாளர்கள், பழைய வேன் ஒன்று. இவ்வளவுதான் நிறுவனம். வரும் தை மாதம் 25 ஆண்டு நிறைகிறது.

தொடங்கியவர்கள் ஓர் ஆசிரியத் தம்பதி. டீச்சரம்மா காலமாகிவிட்டார். சாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்றும் காலையில் வாசலில் நின்று, வேனிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

குழுவில் பெரும்பாலோர் சொல்வது இதுதான்: கல்யாண மண்டபம், சிறப்பு விருந்தினர், சாருக்கு ஆளுயர மாலை, நன்கொடையாளர்களுக்குப் பொன்னாடையும் ஷீல்டும், நடுவில் பிள்ளைகளின் நடனம், கடைசியில் மேடையில் வைத்துச் சக்கர நாற்காலி வழங்கல். சாரிடம் போய்ச் சொன்னோம். "எனக்கு மேடை வேண்டாம்ப்பா. அந்தக் காசில் வேனுக்கு டயர் மாற்றுங்கள்" என்று முடித்துவிட்டார்.

ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாதாமாதம் அரிசி மூட்டை அனுப்பும் மில் அண்ணாச்சி, ஆரம்பத்தில் வாடகையே வாங்காமல் வீட்டு முன்கட்டைப் பள்ளிக்கு விட்டுக்கொடுத்த பாட்டியின் குடும்பம், கூலி வாங்காமல் சீருடை தைத்துத் தரும் டெய்லர், சவுதியில் இருந்து பணம் சேர்த்து அனுப்பும் எங்கள் ஊர்ப் பையன்கள், சம்பள நாளில் பத்து ரூபாய் உண்டியலில் போட்டுவிட்டுப் போகும் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள். இவர்களை விட்டுவிடவும் முடியாது, சார் மனது நோகவும் கூடாது. இது மாதிரி விழா நடத்தியவர்கள், பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பொதிகைச்சாரல் எழுதியது:

தம்பி, நான் தென்காசிப் பக்கம் கிராம மறுவாழ்வுப் பணியில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட். வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிற வேலை. சார் சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஆய்க்குடிதான் ஞாபகம் வந்தது.

ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காக பெங்களூர் போனவர், அங்கே நடந்த உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே செயலிழந்துவிட்டது. புனே ராணுவ மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தபோது அவருக்கு வைத்தியம் பார்த்துத் தைரியம் கொடுத்தவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். சொந்த ஊருக்குத் திரும்பிய ராமகிருஷ்ணன் 1981-இல், ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்த அதே ஆண்டில், ஓலைக் கொட்டகையில் சில பிள்ளைகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயரில் இருக்கும் 'அமர்' அந்த டாக்டர்தான்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறைந்துவிடும். ஆய்க்குடிக்காரர் ஒருவர், தன் பெயரையோ தகப்பனார் பெயரையோ வைக்காமல், எங்கோ புனேயில் தன்னைக் கவனித்த டாக்டரின் பெயரை வைத்தார். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிகூட 'அமர்சேவா' என்றுதான் சொல்கிறாள். 2020-இல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ அறிவித்தபோதும் பத்திரிகைகளில் அந்த டாக்டரின் கதையும் சேர்ந்தே வந்தது. 1992-இல் வந்து சேர்ந்தவர் எஸ். சங்கரராமன். அவர் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். சங்கத்தின் இன்றைய வளர்ச்சியில் அவர் பங்கு பெரியது. தொடங்கியவரோடு பின்னால் வந்து தோள் கொடுத்தவரையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒரு நிறுவனத்தின் கதை முழுசாகும்.

அதனால் சாரிடம் "உங்களைப் பாராட்டப் போகிறோம்" என்று போகாதீர்கள். "நீங்கள் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும்?" என்று கேளுங்கள். எழுபது வயதுக்காரர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். உட்கார வைத்துப் பேசச் சொல்லி செல்போனில் பதிவு செய்யுங்கள். முன்கட்டைக் கொடுத்த பாட்டியை முதன்முதலில் யார் போய்ப் பார்த்தார்கள், முதல் பிள்ளையை எந்த ஊரிலிருந்து தூக்கி வந்தார்கள், டீச்சரம்மா அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்ட எப்படிக் கற்றுக்கொண்டார், எல்லாம் வரும். பழைய வருகைப் பதிவேடு இருந்தால் அதையும் அவர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு கதையை இழுத்துக்கொண்டு வரும். அந்தப் பதிவை வைத்து விழாவில் சாரே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நன்றி சொல்லட்டும். விழா அவர் நடத்துவதாக ஆகிவிடும்.

மேடையில் சக்கர நாற்காலி வழங்குவதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். இது தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன். இருக்கையின் அகலம், கால்மிதியின் உயரம், முதுகுச் சாய்வு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைப் பெரியவர்களுக்கான நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்தே உட்காரும், நாளாவட்டத்தில் முதுகெலும்பு வளையும். அளவெடுத்துச் செய்து, வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்து, அம்மாவுக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டிய பொருள் அது. போட்டோவுக்காக ஒரே அளவில் மொத்தமாக வாங்கியவை மாட்டுக் கொட்டகையில் கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். நன்கொடையாளருக்கு அந்தப் பிள்ளை சரியாக உட்கார்ந்து சாப்பிடுவதை ஒரு சாதாரண நாளில் நேரில் காட்டுங்கள். அவர் மறக்கவே மாட்டார்.

அப்புறம், உங்கள் பட்டியலில் ஆயாவும் வேன் டிரைவரும் இல்லை. களப்பணிப் பெண்களும் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவதுவார்டு எழுதியது:

அக்கா சொன்னதோடு இன்னொன்று. எனக்குத் தண்டுவடக் காயம், தென்னை மரத்திலிருந்து விழுந்தது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில்தான் திரும்ப உட்காரப் பழகினேன். அந்த மையம் 1966-இல் வந்தது. அதற்குக் காரணமானவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார்.

அங்கே 'ரீஹேப் மேளா' என்று நடத்துவார்கள். பழைய நோயாளிகள் எல்லோரையும் திரும்பக் கூப்பிடுவார்கள். உடம்பைப் பரிசோதிப்பார்கள், படுக்கைப்புண் இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். விளையாட்டும் பாட்டும் உண்டு. நான் போனபோது எனக்குப் பெரிதாகப் பட்டது, புதிதாக அடிபட்டு வார்டில் படுத்திருந்த ஒரு பையன், கடை வைத்துப் பிழைக்கும், கல்யாணம் செய்து பிள்ளை பெற்ற எங்களையெல்லாம் பார்த்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டதுதான். கழிவறைக்கு எப்படிப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. எந்தப் பிரமுகரின் பேச்சும் அந்தப் பையனுக்கு அதைக் கொடுத்திருக்காது.

உங்கள் பள்ளியில் படித்துப் போன பிள்ளைகள் இப்போது பெரியவர்களாகி இருப்பார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். வரவேற்பில், பந்தியில், மைக்கில் அவர்கள் நிற்கட்டும். நடனம் ஆட விருப்பமுள்ள பிள்ளை ஆடட்டும், விருப்பமில்லாத பிள்ளையை வேஷம் கட்டி நிறுத்த வேண்டாம்.

மண்டபம் பற்றி: சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை 1-க்கு 12 என்ற கணக்கில் இருக்க வேண்டும். மேடை 3 அடி உயரம் என்றால் சரிவு 36 அடி நீளம். எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபம் எதிலும் அதைப் பார்த்ததில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் ஏற்றுவார்கள். எனக்கு அது பிடிக்காது, கீழே போட்டுவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. பேசாமல் பள்ளி வாசலிலேயே பந்தல் போடுங்கள், எல்லோரும் தரையில் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். சார்தான் மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே.

பாளைவாசி எழுதியது:

நல்ல யோசனை. நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. பாளையங்கோட்டையில் 1897-இல் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளியில் படித்தவர்கள். அந்த அம்மையாரின் பெயர் இன்றும் பள்ளிக்கு இருக்கிறது. அப்பா அவரைப் பற்றிக் கையசைவில் சொல்வதை நீங்கள் பார்க்க வேண்டும், சொந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்வது போலவே இருக்கும்.

ஆனால் இவர்கள் பொது விழாக்களுக்குப் போனால் மணிக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் கைதட்டும்போது தானும் தட்டுவார்கள், எதற்கென்று தெரியாது. உங்களிடம் காது கேளாத பிள்ளை ஒன்றே ஒன்று இருந்தாலும் சைகைமொழி பெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். பேசுபவர் பக்கத்திலேயே, முகத்தில் வெளிச்சம் படும்படி நிற்க வேண்டும். பேசுபவரின் குறிப்பை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஆள் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் எழுத்து எழுத்தாக விரலில் காட்ட வேண்டியிருக்கும்.

கரிசல்காட்டான் மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடியே நேற்று சாரிடம் "யாருக்கு நன்றி சொல்லணும் சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். டீச்சரம்மாவின் கையெழுத்தில் பெயர்கள். "இரண்டு கட்டு விறகு", "பழைய சேலை, திரைக்கு", "ஆட்டோ வாடகை வாங்கவில்லை" என்று ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் குறித்து வைத்திருக்கிறார். இதில் பாதிப் பேரை எங்கள் குழுவில் யாருக்குமே தெரியாது. சார் தானே கூட வந்து எல்லோர் வீட்டுக்கும் பத்திரிகை வைப்பதாகச் சொல்லிவிட்டார்.

பந்தல் யோசனையும் ஏற்றுக்கொண்டாயிற்று. மில் அண்ணாச்சியும் "ஷீல்டு எதுக்குப்பா, பிள்ளைங்களோட உட்கார்ந்து சாப்பிடுறேன்" என்கிறார். சக்கர நாற்காலிக்கு ஒதுக்கிய பணத்தை என்ன செய்வது என்றுதான் பேச்சு ஓடுகிறது.

பொதிகைச்சாரல் எழுதியது:

அந்த நோட்டைப் பத்திரமாக ஸ்கேன் செய்துவிடுங்கள் தம்பி, அதுதான் முதல் வேலை. காலமானவர்களின் பெயர் இருந்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்திரிகை வையுங்கள். பணம் கொடுத்தவர், பழைய சேலை கொடுத்தவர் என்று தனித்தனி வரிசை வேண்டாம், டீச்சரம்மா எழுதிய வரிசையிலேயே வாசியுங்கள்.

நாற்காலிப் பணம் அப்படியே இருக்கட்டும். எந்தெந்தப் பிள்ளைக்குத் தேவை என்று வயதோடு எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அளவெடுத்துத் தருகிறேன். பிள்ளைகளின் அம்மாக்களை அன்றைக்குக் கட்டாயம் வரச் சொல்லுங்கள். வீட்டு வாசல்படி எவ்வளவு உயரம், உள்கதவு எவ்வளவு அகலம் என்று ஒரு கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தால் போதும்.