மீன் தொட்டிக் கல்லில் கறுப்புப் பாசி, என்ன செய்தும் போகவில்லை

தொட்டி இரண்டடி, ஏறக்குறைய 55 லிட்டர். இடம் சென்னை, கொளத்தூர் பக்கம். போர் தண்ணீர்தான், நல்ல உப்பு. உள்ளே கப்பி மீன்கள், செர்ரி இறால், லாவா கற்கள். எல்.இ.டி. விளக்கு தினமும் 8 மணி நேரம் எரியும்.

தீபாவளிக்குப் பிறகு ஃபில்டர் தண்ணீர் வந்து விழும் பக்கத்துக் கல்லில் கறுப்பாகக் குச்சம் குச்சமாக முளைத்தது. இப்போது எல்லாக் கல்லிலும் தாடி! பச்சைப் பாசி மாதிரி வழுக்கிக்கொண்டு வராது, நகத்தால் சுரண்டினாலும் அடிவேர் நிற்கிறது.

பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாயிற்று. விளக்கை 5 மணி நேரமாகக் குறைத்தேன். தீனியையும் குறைத்தேன் (கப்பிகளுக்குத்தான் கோபம்). நத்தை வாங்கி விட்டேன், அது கண்ணாடியை விட்டு நகர்வதாக இல்லை. கல்லை வெளியே எடுத்து 3% ஹைட்ரஜன் பெராக்சைடு அடித்தபோது மட்டும் பாசி இளஞ்சிவப்பாகிச் செத்தது. ஆனால் லாவா கல்லின் துளைகளுக்குள் இருந்து மறுபடி கிளம்பிவிட்டது.

அடுத்து பிளீச்சில் ஊறப்போடலாம் என்று இருக்கிறேன். துளை நிறைந்த கல்லாயிற்றே, பிளீச் உள்ளேயே தங்கிவிடுமோ என்று பயம். ஆன்டி குளோரின் (குளோரினை முறிக்கும் மருந்து) கலந்த தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டால், இறால் இருக்கும் தொட்டியில் திரும்ப வைக்கலாமா?